நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் சார். ஆமா, எலுமிச்சம்பழம்தான். நீங்க எப்படி விழுந்தீங்கன்னு கேட்டேன், பாத்ரூம்னீங்க. நான் சிரிச்சேனா? என்னைக் கேட்டீங்க, எலுமிச்சம்பழம்னேன், உடனே சிரிப்பு வருது உங்களுக்கு. பரவாயில்ல, சிரிங்க. இங்க கட்டு போட வந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர் பைக்கு, மீதிப் பேர் பாத்ரூம். எலுமிச்சம்பழத்துல கால் போனவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

உங்க டோக்கன் என்ன? முப்பத்தெட்டா? எனக்கு முப்பத்தேழு. உள்ள இப்பதான் முப்பத்திரெண்டு போயிருக்கு. அந்த ரூம்லேருந்து கத்தற சத்தம் வருதே, அதைக் காதுல வாங்காதீங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.

நான் கால் வெச்சிருக்கேனே, இது முக்காலி இல்ல சார். கீழ சக்கரம் பாருங்க. இதுக்குப் பேரு லாங்போர்டு. ஸ்கேட்போர்டு பாத்திருப்பீங்க, படிக்கட்டுலேருந்து குதிச்சுப் பல்லை உடைச்சுக்குவாங்களே, அது குட்டி. அது வேற சாதி. இது நீளம். இதுல யாரும் குதிக்க மாட்டாங்க. ஒரு கால் மேல, ஒரு கால் தரைல. தள்ளணும், போகணும். தள்ளணும், போகணும். அவ்வளவுதான். இப்படியே ஊர்விட்டு ஊர் போறவங்க இருக்காங்க. கேக்க சுலபமா இருக்குல்ல? அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. இதுல எண்பது சதவீதம் சாமான் சார். சரியான சாமான் வாங்கிட்டா பாதி ஊரு வந்தாச்சு. மேல ஏறித் தள்றதெல்லாம் கடைசி இருபது சதவீதம்.

என் பேரு தணிகாசலம். அம்பத்தூர்ல ஒரு வால்வு கம்பெனில முப்பது வருஷம் பர்ச்சேஸ். ஒரு போல்ட்டு வாங்கறதுன்னாலும் மூணு பேர்கிட்ட கொட்டேஷன், அப்புறம் சாம்பிள், அப்புறம் டெஸ்ட் ரிப்போர்ட். நான் இருந்த வரைக்கும் தப்பான நட்டு ஒண்ணு கேட்டைத் தாண்டி உள்ள வந்ததில்ல. மூணு வருஷம் முன்னாடி வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த மாசமே எனக்கும் சுகர், என் வீட்டுக்காரிக்கும் சுகர். நடங்கன்னாரு டாக்டர். அவ மறுநாளே நடக்கக் கிளம்பிட்டா. ஆராய்ச்சியே கிடையாது அவகிட்ட. செருப்பை மாட்டினா, போயிட்டா. நான் அப்படி இல்ல. நடைக்கு மாற்று என்னென்ன இருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு வீடியோ. நரைச்ச தாடிக்காரர் ஒருத்தர், என் வயசு, பாலைவனத்துக்கு நடுவுல இதுல தனியா போறாரு. அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். ஆரம்பிக்கறதுன்னா என்ன? வாங்க ஆரம்பிக்கறதுதானே.

முதல் பலகை தப்பு. ரொம்ப ஒசரம். இதைக் கேளுங்க, இது யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நீங்க ஒரு காலால தரையைத் தள்ளும்போது மேல நிக்கற கால் மடங்கணும். பலகை எவ்வளவு ஒசரமோ அவ்வளவு மடங்கணும். ஒரு கிலோமீட்டருக்கு முந்நூறு தள்ளுன்னு வைங்க, முந்நூறு தோப்புக்கரணம். அதனால பலகை தாழ இருக்கணும். ரெண்டாவது பலகை தாழ இருந்துச்சு, ஆனா வளையல. வளையாத பலகைல ரோட்டோட அதிர்ச்சி பூரா முட்டிக்கு வரும். மூணாவது வளைஞ்சுது, ரொம்பவும் தாழ இருந்துச்சு. ஸ்பீடு பிரேக்கர்ல அடிவயிறு இடிக்குமோன்னு சந்தேகம். அதை ஒதுக்கிட்டேன். இப்படியே ஏழு பலகை. இதோ கால் வெச்சிருக்கேனே, இது ஏழு. எல்லாக் கணக்கும் பாத்து எடுத்தது.

சக்கரம் இருக்கே, அது தனிக் கதை. பெருசா இருக்கணும், மெத்துனு இருக்கணும். கட்டியான சின்ன சக்கரம் பட்டாணி சைஸ் கல்லுல மாட்டினாலும் அப்படியே நிக்கும். சக்கரம் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க, நேரா முன்னாடி போவீங்க. இந்த விதியை நான் பெருசா எழுதி ரூம் சுவத்துல ஒட்டியிருக்கேன். பேரிங்கைக் கழுவி, எண்ணெய் விட்டு, விரலால ஒரு சுண்டு சுண்டினா எவ்வளவு நேரம் சுத்துதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பாப்பேன். ஒரு தடவை நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. என் வீட்டுக்காரி ஒரு கட்டுக் கீரை ஆஞ்சு முடிச்சா, அது இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. கூப்பிட்டுக் காட்டினேன். "ரோட்டுல எவ்வளவு நேரம் சுத்தும்?"ன்னு கேட்டா. விவரம் தெரியாதவங்க கேள்வி அப்படித்தான் இருக்கும்.

அவ பேரு மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவேன்.

ஓட்டிப் பாத்தீங்களான்னு கேக்க வர்றீங்க, தெரியுது. பாத்தேன் சார். ரூம்ல ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு மேல நின்னு பழகினேன். கீழ பார்க்கிங்ல ரெண்டு தடவை. மூணாவது தடவை போறதுக்குள்ள அந்த இடத்துல யாரோ கார் வாங்கி நிறுத்திட்டாங்க.

இதுல ஒரு அதிசயத்தைச் சொல்லணும். ரூம்ல இடம் பத்தாம, ஒதுக்கின பலகையை எல்லாம் ஹால் பரண் மேல போட்டிருந்தேன். ஒருநாள் ஏதோ ஸ்பேனர் தேடி ஏறினா, அந்த மூணாம் நம்பர் பலகையோட சக்கரம் தேஞ்சிருக்கு. வெர்னியர் வெச்சு அளந்தேன். எண்பது மில்லிமீட்டர், எழுபத்தஞ்சு ஆயிருக்கு. ஓட்டாத சக்கரம் சார். பரண்ல படுத்திருக்கற சக்கரம். எனக்கு வந்துச்சே கோவம். உப்புக் காத்துதான் காரணம், திருவான்மியூர்ல இரும்பே நிக்க மாட்டேங்குதே, ரப்பரு மாதிரி சாமான் எம்மாத்திரம். கம்பெனிக்கு ஏழு பக்கம் மெயில் எழுதினேன், அளவு, போட்டோ, தேதி எல்லாம் போட்டு. "இதுவரை இப்படி ஒரு புகார் எங்களுக்கு வந்ததே இல்லை"ன்னு பதில் எழுதி, புது செட் அனுப்பிட்டாங்க. கேட்டாத்தான் சார் கிடைக்கும். அந்தப் புது செட்டையும் அதே பலகைல மாட்டிப் பரண்ல வெச்சேன். நாலு மாசத்துல அதுவும் தேஞ்சு போச்சு. இந்தத் தடவை எழுதல. ஒரு கம்பெனியை எத்தனை தடவை அவமானப்படுத்தறது.

இப்ப எதுலயும் தரம் கிடையாது. அரசியோட வாக்கிங் ஷூவைப் பாருங்க. வலது கால் அடி மட்டும் தேஞ்சு ஓட்டை, இடது கால் புதுசு மாதிரி இருக்கும். கடைக்காரன்கிட்ட போய்ச் சண்டை போட்டேன், ஒரே ஜோடிக்கு ரெண்டு விதமான ரப்பர் போடறியான்னு. அவ பாவம், கேக்க மாட்டா. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புவா, ஏழு மணிக்கு வேர்த்து ஊத்திக்கிட்டு வருவா. நடந்துட்டு பீச்சுல யோகா வேறயாம். யோகா பாய்க்குன்னு ஆளுயரத்துக்கு ஒரு பை தெச்சு வெச்சிருக்கா, தோள்ல மாட்டிக்கிட்டுப் போவா. என்ன யோகாவோ, முட்டி முழங்கை எல்லாம் செராய்ச்சுக்கிட்டு வருவா. சொல்லித் தர்றவங்க சரியில்லன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன்.

முப்பத்தி மூணு கூப்பிட்டாங்க. இன்னும் நேரம் இருக்கு.

நவம்பர் மாசம் ஒரு நாள். இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அரசி எதிர்ல உக்காந்து, தட்டுல எதுவும் போட்டுக்காம, "அந்தப் பின் ரூம் எனக்கு வேணும்"ங்கறா.

"எந்த ரூம்?"

"உங்க பலகை ரூம்தான். நம்ம வீட்டுல வேற என்ன ரூம் இருக்கு?"

"அதுல ஏழு பலகை, பதினெட்டு செட் சக்கரம், ஒர்க் பெஞ்சு எல்லாம் இருக்கு அரசி."

"மூணு வருஷமா இருக்கு. ஒரு நாள் தெருமுனை வரைக்கும் போயிருக்கீங்களா? பொங்கலுக்குள்ள நீங்க இதுல பாண்டிச்சேரி போயிட்டா அந்த ரூமை நான் கேக்கவே மாட்டேன். போகலேன்னா அது என்னுது. சரியா?"

எதுக்குன்னு நான் கேக்கல சார். கேட்டா சொல்லிடுவா. சொல்லிட்டா குடுக்க வேண்டியதா போயிடும். சரின்னுட்டேன். முப்பது வருஷத்துல நான் ஒத்துக்கிட்ட ஒரே டெலிவரி தேதி அதுதான், உள்ளுக்குள்ள பயம்தான். ஆனா அந்த ரூம் போச்சுன்னா நான் எங்க போவேன் சொல்லுங்க. ஹால்ல உக்காந்து டி.வி. பாக்கற ஆளா நான்? அந்த ரூம்லதான் நான் இன்னும் ஆபீசருங்க.

நம்ம பக்கத்துல பல் டாக்டர் ஒருத்தங்க, நஸ்ரின்னு பேரு. அவங்கதான் வருஷா வருஷம் ஜனவரில இந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு ஈ.சி.ஆர்.ல போவாங்க. திருவான்மியூர்லேருந்து பாண்டிச்சேரி. முதல் நாள் மாமல்லபுரம், ரெண்டாம் நாள் கடப்பாக்கம், மூணாம் நாள் பாண்டி. நூத்தி நாப்பது கிலோமீட்டர் சொச்சம். சாமான் ஏத்திக்கிட்டு ஒரு வேனும் பின்னாடியே வரும். அந்த மாசம் வாடைக் காத்து முதுகுப் பக்கம் தள்ளும், அதனால அப்ப. நானும் ஃபார்ம் குடுத்தேன். நம்பர் பன்னெண்டு, பி. தணிகாசலம். பனியன்ல குத்திக்கற துணில பெருசா பன்னெண்டு, கீழ சின்னதா பேரு. அதைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

கிளம்பற அன்னிக்குக் காலைல எல்லாரும் ஒரு பிள்ளையார் கோயில் முன்னாடி கூடினோம். புது வண்டி எடுத்தா நாம என்ன பண்ணுவோம்? பூஜை போட மாட்டோமா? ஏழாம் நம்பர் ரோட்டையே பாக்காத வண்டி. குருக்களைக் கூப்பிட்டேன்.

"என்ன வண்டி? டூ வீலரா, ஃபோர் வீலரா?"ன்னாரு.

"ஃபோர் வீலர் சாமி"ன்னேன்.

நாலு சக்கரம்னா ஃபோர் வீலர்தானே? அவர் தாம்பாளத்தோட வெளிய வந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்து, கடைசில கீழ பாத்தாரு. "நம்பர் பிளேட் எங்கே? பொட்டு வைக்கணுமே"ன்னாரு. என் நெஞ்சுல இருந்த நம்பரைக் காட்டினேன். அதுல வெச்சுட்டாரு. சந்தனம், குங்குமம், பூ, சூடம், எல்லாம் குறைவில்லாம ஆச்சு. கடைசில நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சாரு. "ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஏத்துங்கோ"ன்னாரு.

வழியனுப்ப வந்திருந்த அரசி கிட்ட வந்து, "ஏங்க, பழம் மேல ஏறாதுங்க. ஓரமா தொட்டு எடுத்துடலாம்"னா.

"கார் ஏறுது, இது ஏறாதா? சக்கரம் எண்பத்தஞ்சு மில்லிமீட்டர் தெரியுமா?"ன்னேன்.

பதினோரு பேர் பாக்கறாங்க, தெருவே பாக்குது, பூக்காரம்மா எந்திரிச்சு நின்னு பாக்குது. மெதுவா எப்படிப் போறது? பிள்ளையாரப்பான்னு ஒரு தள்ளு தள்ளினேன் பாருங்க. பலகை அங்கேயே நின்னுடுச்சு. நான் நிக்கல. நேரா சன்னிதியைப் பாத்து, கை ரெண்டும் நீட்டி, படிக்கட்டு வரைக்கும் போய்க் குப்புற விழுந்தேன். நமஸ்காரம் பண்றேன்னு நெனச்சு குருக்கள் என் முதுகுல தீர்த்தம் தெளிச்சாரு. கணுக்கால் அப்படியே ஒரு திருகு திருகிக்கிச்சு.

யாரையும் குத்தம் சொல்லல. பழம் வாங்கினதுல தப்பு. அப்புறம் அளந்து பாத்தேன், நாப்பத்தாறு மில்லிமீட்டர். என் சக்கரத்தோட அச்சு தரைலேருந்து நாப்பத்திரெண்டரை. பழம் அச்சுக்கு மேல நின்னா எந்தச் சக்கரமும் ஏறாது, இது பள்ளிக்கூடப் பாடம். அது ஊறுகாய் எலுமிச்சை சார். சின்னப் பழமா, முப்பதுக்குள்ள, கொஞ்சம் கனிஞ்சதா வெச்சிருந்தா நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன். அடுத்த வருஷம் பழத்தை நானே வாங்கிட்டுப் போறேன்.

நஸ்ரின் டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பாத்தாங்க. "நான் பல்லுக்குத்தான் டாக்டர் அங்கிள், ஆனா நீங்க இன்னிக்கு நிக்கக்கூட முடியாது"ன்னாங்க. எனக்கு வலி தெரியல சார். ரூம்தான் தெரிஞ்சுது. ஒர்க் பெஞ்சு, சுவத்துல தொங்கற சக்கரம், எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய போற மாதிரி இருந்துச்சு. தெருன்னு பாக்காம அழுதுடுவேன்னு பயந்தேன்.

அப்பதான் ஒண்ணு தோணுச்சு. பன்னெண்டாம் நம்பர் பாண்டி போய்ச் சேரணும், அவ்வளவுதானே பந்தயம்? லிஸ்ட்ல பேரு என்னுது, போலீஸ்ல குடுத்த பேப்பர்லயும் என் பேரு. யாராவது அந்தத் துணியைக் குத்திக்கிட்டுப் போனா, போனது தணிகாசலம்தானே? சுத்திப் பாத்தேன். சும்மா நிக்கறது அரசி ஒருத்திதான்.

"அரசி, நீ போறியா? பயப்படாத, நான் வேன்ல பின்னாடியே வந்து ஒவ்வொண்ணா சொல்லித் தர்றேன்."

அவ என்னையே ஒரு நிமிஷம் பாத்தா. "நான் போய்ச் சேந்தா ரூம் உங்களுக்கு. அப்படித்தானே?"

"நம்பர் என்னுது இல்லையா அரசி."

"சரி"ன்னுட்டா. இந்தக் காலத்துல யாரு சார் ஒத்துக்குவாங்க? தான் ஜெயிச்சா தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே கிளம்பினா. பன்னெண்டைக் கழட்டி நானே அவளுக்குக் குத்தி விட்டேன்.

ஏழாம் நம்பரை நான் குடுத்தா, "இது ஒசரம், மூணாம் நம்பர் இருக்கு, அதுல போறேன்"னு சொல்லி, வேன்லேருந்து அந்த யோகா பையை இறக்கி மூணாம் நம்பரை வெளிய எடுத்தா. ஸ்பேருக்கு இருக்கட்டும்னு கொண்டு வந்திருக்கா பாருங்க, என் முன்யோசனை அவளுக்கும் தொத்திக்கிச்சு. ஒசரம் தாழ்வுன்னு பேசறா, எல்லாம் நான் வீட்டுல பேசிப் பேசிக் காதுல விழுந்தது. அவ தலைக்குச் சரியா ஒரு ஹெல்மெட்டும் அதே பைல இருந்துச்சு. டாக்டர் கொண்டு வந்ததா இருக்கும். அந்த டாக்டரும், "அரசிக்கா, ரெடியா?"ன்னாங்க. நான் அறிமுகமே பண்ணி வைக்கல. கைராசி உள்ள டாக்டருங்களுக்கு ஆளுங்க சட்டுனு பழகிடுவாங்கபோல.

போனா சார். எப்படிப் போனான்னு சொல்றேன். இடது கால் பலகைல, வலது கால் தரைல, ஒரு தள்ளு, ரெண்டு தள்ளு, மூணாவது தள்ளுல சர்ருனு தெரு திரும்பிட்டா. முதல் தடவையே! அதான் சொன்னேன், சாமான் சரியா இருந்தா மேல யாரு நின்னாலும் அது பாட்டுக்குப் போகும். என் தேர்வு எவ்வளவு துல்லியம்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

முப்பத்தி அஞ்சா? சரி, சீக்கிரம் முடிச்சுடறேன்.

வேன்ல காலை டேஷ்போர்டு மேல தூக்கி வெச்சுக்கிட்டு, பின்னாடி வர்ற லாரிக்கு எச்சரிக்கை பண்ண வெச்சிருந்த மைக்கை எடுத்துக்கிட்டேன். "அரசி, முட்டியை மடக்கு. அரசி, இடது பக்கம் மணல். அரசி, தோளைத் தளர விடு." கோவளம் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். கோவளத்துல டாக்டர் வேனை நிறுத்தி மைக்கை வாங்கி, அவங்க பைல போட்டு ஜிப்பை இழுத்து விட்டாங்க. பேட்டரி தீந்துடும்னு நெனச்சிருப்பாங்க.

முதல் நாள் மாமல்லபுரம் சேந்தா. ரெண்டாம் நாள் கடப்பாக்கம் சேந்தா. சாயங்காலம் நான் அவ சக்கரத்தைத் துடைச்சு, அச்சுல திருகாணி இறுக்கி, பேரிங் சத்தம் கேட்டு வெப்பேன். அவ பாட்டுக்கு அந்தக் கூட்டத்தோட உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பா. அவ அப்படிச் சத்தமா சிரிப்பான்னு எனக்கு மறந்தே போச்சு. ஏதாவது ஜோக்கான்னு கிட்டப் போய்க் கேட்டேன். ஒண்ணுமில்லன்னா.

மூணாம் நாள்தான் எனக்குப் போச்சு உயிரு. மரக்காணத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல ரோடு வேலை. வேனை ஓரமா நிக்க விடாம ஆளுங்க முன்னாடி விரட்டிட்டாங்க. மரக்காணம் வந்து நின்னோம். ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒம்பது பேர், பத்து பேர், டாக்டரும் வந்துட்டாங்க. பன்னெண்டாம் நம்பரைக் காணோம். இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், நாப்பது நிமிஷம். லாரி போகும்போதெல்லாம் எட்டி எட்டிப் பாக்கறேன். சத்தியமா சொல்றேன், அந்த நாப்பது நிமிஷத்துல எனக்கு ரூம் ஞாபகமே வரல. நான் எதுக்கு இவளை அனுப்பினேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டே ரோட்டுல திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டேன். வீக்கம் இவ்வளவு ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தூரத்துல வந்தா. காத்து பின்னாடி தள்ளுது, கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு, தள்ளாமலே வந்துக்கிட்டு இருக்கா. நடு ரோட்டுல நின்னு அழுதுட்டேன் சார். ஒளிக்க என்ன இருக்கு.

"என்ன ஆச்சு அரசி? அடியா? பேரிங்கா?"

"ஒண்ணும் ஆகல. உப்பளம் நல்லா இருந்துச்சு, உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நாப்பது நிமிஷமாவா?"

"நாப்பது நிமிஷம் ஆச்சா?"ன்னா. என் கண்ணைத் துடைச்சு விட்டா. அப்புறம், "இந்தக் காலோட எதுக்கு நடந்து வந்தீங்க?"ன்னு திட்டினா. உப்புக் காத்துல சக்கரம் தேஞ்சுடும், சீக்கிரம் கிளம்புன்னேன்.

பாண்டி பீச் ரோட்டுல அன்னிக்குச் சாயங்காலம் சேந்தோம். சேந்தோம்தான் சார், பன்னெண்டாம் நம்பர் சேந்துச்சுன்னா நானும் சேந்த மாதிரிதானே. இதோ மெடல். கழுத்துலயே போட்டிருக்கேன், சட்டைக்குள்ள இருக்கு. பின்னாடி பேரு படிங்க. பி. தணிகாசலம். எழுத்து கொஞ்சம் சின்னது, ஆனா சுத்தமா வெட்டியிருக்காங்க.

கடலைப் பாத்து பெஞ்சுல உக்காந்திருந்தோம். நான் பெருந்தன்மையாத்தான் ஆரம்பிச்சேன். "அரசி, ரூம் எனக்கு வந்துடுச்சு. ஆனா நீ இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு, பரண்ல பாதியை நீ எடுத்துக்க"ன்னேன்.

அவ ஷூவைக் கழட்டிக் கால் விரலை நீவிக்கிட்டு இருந்தா. "அந்த ரூமை எதுக்குக் கேட்டேன்னு இதுவரைக்கும் நீங்க கேக்கவே இல்ல"ன்னா.

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும்னு ஆசை. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சாத்திக்கன்னு ஒரு கதவு கிடையாது நம்ம வீட்டுல. அவ்வளவுதான்."

"சொல்லியிருந்தா சமையக்கட்டுக்கு ஒரு கதவு போட்டுக் குடுத்திருப்பேனே. மூணு கொட்டேஷன் வாங்கி..."

அவ சிரிச்சா. அந்தச் சத்தமான சிரிப்பு. "வேண்டாங்க. ரூமை நீங்களே வெச்சுக்கோங்க. இப்ப எனக்குக் கதவே வேண்டாம்னு இருக்கு"ன்னா.

பாத்தீங்களா சார்? தானா ஒத்துக்கிட்டா. ஒரு வார்த்தை தகராறு இல்ல. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

அந்த நேரம் பாத்து டாக்டர் ஒரு பேப்பரோட வந்தாங்க. நாலு பேர் நாகப்பட்டினம் வரைக்கும் போறாங்களாம், காலைல கிளம்பணும், யார் யார் வர்றீங்கன்னு. அரசி என் சட்டைப் பைலேருந்து பேனாவை எடுத்தா. ஃபார்ம்ல எழுதினா. எட்டிப் பாத்தேன். மங்கையர்க்கரசின்னு எழுதறா. "என் பேரையே போடு அரசி, ரெண்டு மெடல்லயும் ஒரே பேரு இருந்தா செட்டா இருக்கும்"னு சொல்லிப் பாத்தேன். காத்துல அவ காதுல விழல.

காலைல என்னை பஸ் ஸ்டாண்டுல கொண்டு வந்து விட்டா. ஜன்னல் சீட் புடிச்சுக் குடுத்தா, மாத்திரை எதை எப்ப போடணும்னு சொன்னா, தண்ணி பாட்டிலைத் தொறந்து பாத்து மூடினா. எப்ப வருவேன்னு கேட்டேன். "போய்ப் பாக்கணும்"னா. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே அவ கிளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டு வாசல்ல இடது பக்கம் திரும்பிட்டா, தெக்கால.

நேத்து பூரா ரூம்லதான் உக்காந்திருந்தேன். கதவைச் சாத்திப் பாத்தேன். தொறந்து பாத்தேன். அந்த ஹால்ல ஒரு சத்தமும் இல்ல சார். பேரிங்கைச் சுண்டி விட்டேன். அது பாட்டுக்கு ரொம்ப நேரம் சுத்துச்சு, கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்ல. ஆனா ரூம் என்னுது. அதுல சந்தேகமே இல்ல. ஜெயிச்சது நான்தான்.

என்னம்மா? முப்பத்தேழா? ஆமாம்மா, நான்தான். என்னது? கூட வந்தவங்களா? எதுக்கு? ஓ, காலை இழுத்து நேர் பண்ணும்போது புடிச்சுக்க ஒரு ஆள் வேணுமா?

கூட யாரும் வரலம்மா. வீட்டுக்காரம்மா இருக்காங்க, ஆனா இப்ப காரைக்கால் தாண்டியிருப்பாங்க. இல்லம்மா, பஸ்ல இல்ல. அதை அப்புறம் சொல்றேன். ஆள் இல்லாம கட்டு போட மாட்டாங்களா? இருங்க, இருங்க, அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீங்க.

சார், நீங்க கொஞ்சம் உள்ள வர்றீங்களா? அந்தக் கை வேண்டாம், அது கட்டு போட வேண்டிய கை. இந்தக் கையைக் குடுங்க. ஒண்ணு போதும்.